உயிரோடிருக்கிறவனுக்கு ஒப்பாரி

காலையிலிருந்தே ராசம்மாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்குப் போவாள், சட்டியைத் திறப்பாள், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடுவாள், மறுபடி வெளியே வருவாள். வெளியே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் முன்பக்கத்து ஒடுங்கிய இஸ்தோப்புத் திண்ணையில், இரண்டு பெஞ்சுகளின் மேல் ஒரு சவப்பெட்டி இருந்தது. அதற்குள் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, மூக்கில் பஞ்சோடு, அவள் பெற்ற ஒரே மகன் இந்திரகுமார் கிடந்தான். கிடந்தபடியே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"எந்திரிச்சு வந்து தின்னுடா."

"வேட்டி கசங்கிரும்மா. ஷிஹாம் ஏசுவான்."

ஷிஹாம் மாத்தளை டவுன் பையன். இந்திரகுமாரோடு ஒன்றாய்ப் படித்தவன். கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துப் பழகிய கையோடு இப்போது குறும்படம் எடுக்கக் கிளம்பியிருந்தான். கதை என்ன பெரிய கதை! பள்ளிக்கூடத்துப் பையனும் ஒரு பெண்பிள்ளையும் விரும்புகிறார்கள், வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள், பிள்ளை ஏறிய பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடும் பையன் லொறியில் அடிபட்டுச் சாகிறான். கடைசியில் பிள்ளை ஓடி வந்து பெட்டியின் மேல் விழுகிறாள், விழுந்தவள் எழும்பவே இல்லை. ஒருத்தன் செத்தாலே சனம் அழும், இரண்டாவது சாவு எதற்கு என்று ராசம்மா கேட்டதற்கு, "அப்பதான் அன்ட்டி மனசுல நிக்கும்" என்று அவன் சொன்னான்.

நிற்கட்டும், யார் மனதில் வேண்டுமானாலும் நிற்கட்டும். ஆனால் இதே இஸ்தோப்பில், இதே இடத்தில்தான் அவள் புருஷன் மூக்கையாவின் பெட்டியும் இருந்தது. அன்று தொண்டை கிழியக் கிழிய அழுதவள் அவள். உயிரோடு இருக்கிறவனை வைத்து ஒப்பாரி பாடினால் எமன் விலாசம் குறித்துக்கொள்வான் என்பது அந்தத் தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மகன் காலைப் பிடித்துக் கெஞ்சியதால்தான் வீட்டைக் கொடுத்தாள். "என்னைய மட்டும் அழச் சொல்லக் கூடாது. செத்தாலும் அழ மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லே நல்லதில்லையே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி, கதாநாயகியாக நடிக்கும் பிள்ளை வரவில்லை. வீட்டில் விடவில்லையாம். ஷிஹாம் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சிக்னல் தேடிப் பாதைக்கும் வாசலுக்கும் நடந்தான். அழ வந்த லயத்துப் பெண்கள் பேன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மலையின் மேல் மழை கறுத்து நின்றது.

"அன்ட்டி, நீங்களாச்சும் ஒருக்கா அழுங்களேன். பையன்ட உம்மா அழுறதோட படத்த முடிச்சிருவம். ஒரே ஒரு ஷொட்."

"என் வாயால முடியாது தம்பி. என்னைய விட்டுரு."

அந்நேரம்தான் அழகமுத்து வந்தார். அதே தோட்டத்தின் மேல் டிவிசன்காரர். தோளில் மண்வெட்டி, பின்னால் இன்னும் நான்கு ஆண்கள், முகமெல்லாம் இருண்டு போயிருந்தது. வாசலில் நின்று தலைத்துண்டை அவிழ்த்தார்.

"தங்கச்சி, மனசத் தேத்திக்க. குழி எங்கன வெட்டுறது? மூக்கையா பக்கத்துலயேவா?"

ராசம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் படத்துக்காக முச்சந்தியிலிருந்து லயம் வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். முச்சந்தியில் 'கண்ணீர் அஞ்சலி' என்று இந்திரகுமாரின் முகம் போட்ட பேனர். எடுத்து முடித்ததும் கழற்றுகிறோம் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிய பையன்கள் கழற்றவில்லை. வெள்ளைக் கொடியைக் கண்டால் தோட்டத்தில் யாரும் ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். பெண்கள் சீனியும் தேயிலையும் எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள், ஆண்கள் மண்வெட்டி எடுப்பார்கள்.

பெட்டிக்குள்ளிருந்து இந்திரகுமார் மெல்லத் தலையை உயர்த்தி, "மாமா, படம் மாமா" என்றான்.

அழகமுத்து இரண்டடி பின்னால் பாய்ந்தார். பிறகு ஏசினார் பாருங்கள், அந்த ஏச்சை இங்கே எழுத முடியாது. "சாவோட வெளையாடுறீங்களாடா!" என்பதுதான் அதில் நாகரிகமானது. ராசம்மா தன் பங்குக்கு ஷிஹாமைப் பிடித்துக்கொண்டாள். ஷிஹாம் கெமராக்காரன் றினோஸைப் பேனர் கழற்ற விரட்டினான். அதற்குள் பின்னேர பஸ் இரத்தோட்டையிலிருந்து ஏறி வந்து முச்சந்தியைக் கடந்துவிட்டது. அதன் ஹோர்ன் சத்தம் லயம் வரை கேட்டது.

ஏசி ஓய்ந்த அழகமுத்து, வந்ததுதான் வந்தோம் என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் கோபம் வந்தால் கண் தெரியாது. மூத்த மகள் பஸ் தரிப்பிடத்தில் யாரோ ஒரு பையனோடு சிரித்துப் பேசினாள் என்று காதில் விழுந்த மறுவாரமே, படித்துக்கொண்டிருந்தவளைக் கொழும்புக்கு வீட்டுவேலைக்கு அனுப்பியவர். இளையவள் பிரவீனா இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தாள். இரத்தோட்டைக்கு டியூசனுக்கு அவளை விட்டிருந்தார், போன் மட்டும் வாங்கிக் கொடுக்கவில்லை.

இந்திரகுமார் திரும்பவும் பஞ்சை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். றினோஸ் மூச்சிரைக்கத் திரும்பி வந்து கெமராவுக்குப் பின்னால் போனான். அவன் பின்னாலேயே, தேயிலைக்கு நடுவே இருக்கும் குறுக்குப்பாதையால் ஒரு பிள்ளை விழுந்து எழும்பி ஓடி வந்தாள். ஒரு கால் செருப்பு இல்லை. தோளில் கிடந்த பையை வாசலிலேயே எறிந்தாள். யாரையும் பார்க்கவில்லை, நேரே போய்ப் பெட்டியின் மேல் விழுந்தாள்.

"குமார்! என்னைய விட்டுட்டுப் போயிட்டியேடா! கோவத்துல பேச மாட்டேன்னு சொன்னேன், அதுக்காகவாடா?"

பிரவீனா.

பேன் பார்த்த கைகள் நின்றன. ஷிஹாம் வாயைப் பிளந்தான். அழகமுத்துவின் கை மண்வெட்டிப் பிடியில் இறுகியதை ராசம்மா கண்டாள். பெட்டிக்குள் மகனின் இமை துடித்தது. இன்னும் ஒரு விநாடியில் எழும்பிவிடுவான், எழும்பி அவள் பெயரைச் சொல்லிவிடுவான். சொன்னால் இந்தப் பிள்ளையின் படிப்பு இன்றோடு சரி, அக்காவுக்குப் பின்னால் அதே கொழும்பு பஸ். தனக்குத் தெரியாமலே தன் மகனை விரும்பிய ஒரு பெண், பஸ்ஸிலிருந்து பேனரைக் கண்டு இப்படிச் செருப்பில்லாமல் ஓடி வந்திருக்கிறாள் என்பது ராசம்மாவின் நெஞ்சை ஒரு பக்கம் அடைத்தது. மறுபக்கம் எமன் பயம். இரண்டுக்கும் நடுவில் யோசிக்க நேரமில்லை.

பாய்ந்து போய் முழங்காலில் விழுந்தாள். ஒரு கையால் மகனின் நெஞ்சை அழுத்திப் பிடித்தாள், மறு கையால் பிரவீனாவின் தலையைத் தன் தோளில் புதைத்துக்கொண்டாள்.

"நான் பெத்த ராசாவே! மணப்பந்தலில நிக்க வேண்டிய நீ, மரப்பெட்டியில படுத்தியேடா! கொள்ளி போட ஆளில்லாம என்னையத் தனியா விட்டியேடா!"

லயமே நடுங்கியது. அந்தக் குரலுக்கு நடுவில், மூச்சு வாங்கும் இடத்தில், பிள்ளையின் காதுக்குள் சொன்னாள்: "உசுரோடதான் இருக்கான் புள்ள. இது படம். ஒங்கப்பா பின்னால நிக்கிறாரு. நீ நடிக்க வந்த புள்ள, வெளங்குதா? அழு."

மகனுக்கு ஒரே சொல்தான்: "அசையாத."

பிரவீனாவின் கை தட்டுத்தடுமாறி அவன் நெஞ்சுக்குப் போனது. அங்கே இருந்த சூடும் துடிப்பும் உள்ளங்கையில் பட்டதும் அவள் முன்னைவிடப் பெரிதாக அழுதாள். அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஷிஹாம் விழித்துக்கொண்டு, "றினோஸ், எடு! எடு!" என்று கத்தினான். கெமராவைக் கண்டதும் லயத்துப் பெண்களும் ஓடி வந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். ஷிஹாம் "கட்" சொன்ன பிறகும் ராசம்மாவின் அழுகை மட்டும் நிற்கவில்லை.

அழகமுத்து கிட்டே வந்தார். "நீ எப்ப புள்ள இதுல சேந்த?"

பிரவீனா ராசம்மாவைப் பார்த்தாள். ராசம்மாதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான்தான் அண்ணே வரச் சொன்னேன். நடிக்க இருந்த புள்ள வராதுன்னு தெரிஞ்சிச்சு. டியூசன் விட்டு வர்றப்ப ஒருக்கா வந்து அழுதுட்டுப் போ சாமின்னேன். ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காதது என் பெழதான். ஏசுறதுன்னா என்னைய ஏசுங்க."

அவர் ராசம்மாவைப் பார்த்தார், மகளின் வெறுங்காலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். உயிரோடிருக்கிற மகனுக்கு எந்தத் தாய் இப்படி அழுவாள்? படம் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்? துண்டை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்தார்.

"எனக்கே வயித்தக் கலக்கிருச்சு தங்கச்சி. நம்ம புள்ளைக்கு இப்புடி ஒரு தெறம இருக்குன்னு தெரியாமப் போச்சே" என்று சொல்லி, எறிந்து கிடந்த பையைத் தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வா புள்ள, மழ வருது. இருந்தாலும் இந்த நடிப்பு கிடிப்பு இதோட போதும்."

அவர்கள் தேயிலைக்குள் மறையும் வரை ராசம்மா மகனின் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு சட்டையைப் பிடித்து அவனை வெளியே இழுத்தாள், மலைத்தண்ணீர் விழும் பீலியடிக்குத் தள்ளிக்கொண்டு போய், வாளி வாளியாகத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். மழையும் சேர்ந்து பிடித்துக்கொண்டது.

"வேற ஒரு புள்ள என் மேல விழுந்து அழுறதுன்னா அவளுக்குப் புடிக்காதும்மா. அதான் படத்தப் பத்திச் சொல்லல" என்றான் அவன், குளிரில் பல் கிடுகிடுக்க.

ராசம்மா வாளியைக் கீழே போட்டுவிட்டு அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடித்த கையாலேயே அவன் முகத்தை இழுத்து மாரோடு சேர்த்துக்கொண்டாள்.

"நான் அழுதத விடு. அந்தப் புள்ள அழுத அழுகைக்கு, இனிமே நீ படத்துல கூடச் சாகக் கூடாதுடா."