பாகச் சுவருக்கு அந்தப் பக்கம்

பூங்காவனத்தின் அக்குளுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, பின்பக்கமாகவே நடந்து, அவளை அறையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள் சத்யப்பிரியா. கனத்த உடம்பு. நிலைப்படியில் இடுப்பு மாட்டிக்கொண்டது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பு. இரண்டு பேருமாக வாசல் சேற்றில் வந்து விழுந்தார்கள்.

"யாரும் உள்ள போகாதீங்க. கதவு தெறந்தே கெடக்கட்டும். தள்ளி நில்லுங்க."

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பின்வாங்கியது.

"என்னா மேடம் இது, இப்பத்தானே நல்லா பேசிக்கிட்டு உள்ள போச்சு," என்றான் எதிர்வீட்டு வேல்முருகன்.

அதுதான் சத்யப்பிரியாவுக்கும் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் தங்கை மேகலாவுக்கு மாற்றுப் புடவையும், தங்கை மகள் யாழினிக்கு ஒரு கவுனும் எடுக்க வந்தவள் பூங்காவனம். பீரோவைக் குடைந்துகொண்டே இருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டாள். அவள் இந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

விடியற்காலையில் தாயும் மகளும் வாந்தியும் மூச்சுத்திணறலுமாகப் பெரம்பலூருக்குப் போய், அங்கிருந்து அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். மேகலாவுக்கு நினைவு இருந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் யாழினிக்கு இல்லை. ராத்திரி வைத்த மீன் குழம்புதான் காரணம் என்று தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. ஆனால் அங்கே வைத்தியம் பார்க்கும் டாக்டர் குருநாதனுக்கு அதில் திருப்தி இல்லை. "வூட்டப் போயி அலசிப் பாரும்மா. என்ன விஷம்னு தெரியாம வைத்தியம் பாக்குறது கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு. புள்ள தாங்காது," என்று போனில் சொல்லியிருந்தார். அதனால்தான் சுகாதார ஆய்வாளர் சத்யப்பிரியா, குரும்பலூர் தாண்டி இந்தத் தெருவுக்கு ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

தெருவுக்கு அவள் புதியவள் இல்லை. இங்கே அவளுக்குப் பெயரே 'கொசு மேடம்' தான். அவள் வண்டிச் சத்தம் கேட்டாலே பெண்கள் ஓடிப்போய்த் தொட்டியைக் கவிழ்ப்பார்கள். இன்று ஒருவரும் ஓடவில்லை.

பூங்காவனத்தை வேப்பமரத்தடியில் காற்றாடப் படுக்க வைத்துவிட்டு, ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, வேலையைத் தொடங்கினாள். அடுப்படி தனிக் கொட்டகை. மீன் சட்டி அங்கேதான் இருந்தது. மிச்சத்தை நக்கித் தின்ற பூனை கூரைமேல் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் குழம்பு இல்லை. தண்ணீர் தெருவுக்கே பொதுவான குழாய்த் தண்ணீர். வேறு எவருக்கும் ஒன்றுமில்லை. கேஸ் சிலிண்டர் மூடியிருந்தது, டியூபிலும் கசிவு இல்லை.

மீதி, அந்த அறை.

உள்ளே நிற்கப் பயந்து, நிலைப்படியில் நின்று டார்ச் அடித்தாள். கொசுவத்தித் துண்டு ஒன்று. கட்டிலுக்கு அடியில் பருத்திக்கு அடிக்கும் மருந்து டப்பா. அதைப் படுக்கிற இடத்தில் வைக்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆனால் டப்பாவின் சீல்கூடப் பிரிக்கப்படவில்லை. ஆளைக் கொல்லக்கூடிய எல்லாமே அந்த அறையில் இருந்தது. எதுவும் வாயைத் திறந்திருக்கவில்லை.

"மேடம்..." மரத்தடியிலிருந்து பூங்காவனம் ஈனமாகக் கூப்பிட்டாள். "உள்ள ஒரு வாடை அடிச்சுதுங்க. பூண்டு அழுவுன மாதிரி."

"பூண்டா?"

"மீன் நாத்தம்னு நெனச்சேன். இல்லிங்க, பூண்டுதான்."

சத்யப்பிரியாவின் டார்ச் மெதுவாக மேலே போனது. ஓட்டு வீடு. அறையின் ஒரு பக்கச் சுவர் மட்டும் புதுசு, பூசாத செங்கல். உத்தரம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேலே, ஓடு கூம்பி ஏறும் இடத்தில், ஆள் நுழையும் அளவுக்கு இருட்டு திறந்து கிடந்தது.

"வேல்முருகன், இந்தச் சுவரு எப்ப வந்துச்சு?"

"பாகம் பிரிச்சப்ப மேடம். மேகலா வூட்டுக்காரரு இளையபெருமாளுக்கு இந்தப் பக்கம், தம்பி தமிழரசனுக்கு அந்தப் பக்கம். சுவரு எழுப்பிட்டாங்க, ஓட்டுல கைய வச்சா வூடே உக்காந்துரும்னு கொத்தனாரு சொல்லிட்டாரு. அதோட வுட்டுட்டாங்க." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு வூட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லிங்க. நல்லது கெட்டதுக்குக்கூட அந்தாண்ட இந்தாண்ட போறதில்ல."

"அந்தப் பக்கம் யாரு படுக்குறா?"

"படுக்கறதா? சோளம் கெடக்குது மேடம். தை பொறந்தும் மழை வுடல பாருங்க, காய வைக்க களம் ஏது? எல்லாம் வூட்டுக்குள்ளதான் குவிச்சிருக்கோம்."

அவ்வளவுதான். சத்யப்பிரியா ஓடினாள்.

தமிழரசனின் வாசலில் கதவு சாத்தியிருந்தது. கொல்லைப்பக்கம் டிராக்டர் கொட்டகையில் அவன் மனைவி ஜெயசுதா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சுருட்டாத பாய்கள். புருஷனும் பொண்டாட்டியும் நேற்று அங்கேதான் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"சோளத்துல மாத்திரை வச்சீங்களா?"

ஜெயசுதா பாயின் ஓரத்தைப் பிய்த்தாள்.

"வண்டு புடிக்காம இருக்க வைக்கிற மாத்திரைதானே. வச்சீங்களா, இல்லையா? அங்க ஒரு புள்ள சாவக் கெடக்குது."

"வச்சாரு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நேத்து பொழுது சாய வச்சி, தார்ப்பாயப் போட்டு மூடுனாரு. ஓடு ஒழுவி சோளம் ஈரமா இருந்துச்சு. அதனால கூடுதலா வச்சாரு."

ஈரம் பட்டால் அந்த மாத்திரை புகையாகக் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத புகை. தார்ப்பாய்க்குள் அடங்காதது மேலே ஏறி, உத்தரத்தோடு நின்றுபோன சுவரைத் தாண்டி, அந்தப் பக்கம் தூங்குகிறவர்களின் மேல் இறங்கும். அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டது தரையைத்தான். காற்றை யாரும் பிரிக்கவில்லை.

அந்த இடத்திலேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அதுக்கு மாத்து மருந்து கெடையாதேம்மா," என்றார் குருநாதன். "ஆனா இப்பவாச்சும் தெரிஞ்சுதே. எங்க அடிக்கும்னு தெரியும், இதயத்த முட்டுக் குடுத்துப் பாக்குறேன். ராத்திரி எந்நேரத்துலேர்ந்து அந்த ரூம்ல இருந்தாங்க, கதவு தெறந்திருந்துச்சா, இதக் கேட்டுச் சொல்லு. அந்தம்மா எங்ககிட்ட வாயே தெறக்க மாட்டேங்குது."

போனை வைத்துவிட்டு ஜெயசுதாவிடம் திரும்பினாள்.

"நீங்க மட்டும் பத்திரமா வெளிய வந்து படுத்தீங்க. பக்கத்துல ஒரு தாயும் புள்ளையும் இருக்குன்னு தெரியாதா?"

"சொன்னேங்க."

"யார்கிட்ட?"

"நாய்கிட்ட."

சத்யப்பிரியா ஒரு எட்டு முன்னால் வந்தாள். அதைப் பார்த்துவிட்டு ஜெயசுதா அவசரமாகப் பேசினாள். "நேரா எப்புடிங்க சொல்றது? ரெண்டு வருசமா மூஞ்சி பாத்துப் பேசுனதில்ல. அவங்க வாசல்ல நான் கால வச்சா வெட்டிருவேன்னு எம் புருசனே சொல்லியிருக்காரு. அதான் வேலியோரமா நின்னு, நாயத் திட்டுற மாதிரி சத்தமா சொன்னேன். 'அடியே, இன்னிக்கு உள்ள படுக்காத, செத்துப் போவ, வெளிய போய்ப் படு'ன்னு. அக்கா அப்ப பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தாங்க."

கூடவே வந்திருந்த பெண்களில் ஒருத்தி காறித் துப்பினாள். "புள்ளைய எமன் வாயில குடுத்துட்டுக் கதை சொல்றா பாரு. நாய்கிட்ட சொன்னாளாம்."

"சாமி சத்தியமா சொன்னேன்."

"சாமிய ஏன்டி இதுல இழுக்குற? உங்க மாட்டுக்கு ஒண்ணுன்னா தெருவுக்கே கேக்கக் கத்துவ. இதுக்கு மட்டும் நாயி தேவைப்பட்டுச்சா?"

சத்யப்பிரியாவும் நம்பவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள். இந்த ஊரில் ஆகாதவர்கள் ஆட்டையும் கோழியையும் முன்னால் நிறுத்தி ஜாடையாகத் திட்டிக்கொள்வது அவளும் கேட்டதுதான். யாரும் ஜாடையாக உயிர் காப்பாற்றி அவள் பார்த்ததில்லை.

சத்யப்பிரியா அரியலூர் போய்ச் சேர்ந்தபோது வார்டு வாசலில் இளையபெருமாள் நின்றுகொண்டிருந்தான். சிமெண்டு ஆலையில் இரவு ஷிப்டு முடிந்து நேரே வந்தவன். சட்டையிலும் புருவத்திலும் வெள்ளைப் புழுதி அப்படியே இருந்தது. விஷயம் அவன் காதுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"என் தம்பியா மேடம்?"

"வேணும்னு செய்யலிங்க."

"போலீசு கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். கூட்டிட்டுப் போகட்டும்." பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "யாழினி பொறந்தப்ப, ஆஸ்பத்திரியில மொத ஆளா கையில வாங்குனவன் அவன்," என்றான். உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான்.

பொழுது இறங்கும் நேரத்தில் குருநாதன் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்தார். முகக்கவசத்தைக் கழற்றவில்லை. இளையபெருமாளின் தோளில் கை வைத்தார். ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அவன் நின்ற இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

மேகலாவிடம் சொல்லும் வேலை சத்யப்பிரியாவுக்கு விழுந்தது.

பெண்கள் வார்டின் கடைசிக் கட்டில். கையில் டிரிப்ஸ். மேகலா சன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலையிலிருந்து அவள் நர்சிடமும் பேசவில்லை, போலீசிடமும் பேசவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று எழுதி வைத்திருந்தார்கள். சத்யப்பிரியா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மேகலா."

"புள்ள போயிடுச்சுங்களா?"

சத்யப்பிரியா அவள் கையைப் பிடித்தாள். அது போதுமாயிருந்தது. மேகலா மறுபடியும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடுத்த வூட்டுலேர்ந்து வந்த புகைம்மா. சோள மாத்திரை. உம் மேல ஒரு தப்பும் இல்ல. உனக்கு எப்புடித் தெரியும்?" ஆறுதலுக்கு எதையாவது சொல்ல வேண்டுமே என்று தொடர்ந்தாள். "அந்த ஜெயசுதா என்னமோ உளறுறா. நாய்கிட்ட சொல்ற மாதிரி உனக்குச் சொன்னாளாம். ஊரே காறித் துப்புது. நீ அதெல்லாம் மனசுல வச்சுக்காத. அவ பொய் சொல்றா."

மேகலா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். கண்ணில் நீர் இல்லை.

"பொய் இல்லிங்க," என்றாள்.

சத்யப்பிரியாவின் பிடி தளர்ந்தது.

"கேட்டுச்சுங்க. நல்லாவே கேட்டுச்சு. யாழினிகூட சொன்னா. 'அம்மா, சித்தி நாயச் சொல்லல, நம்மளத்தான் சொல்லுது, வா தெருக்கோடியில திலகா அக்கா வூட்டுல போயி படுத்துக்கலாம்'னு பாயச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு நின்னா." நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "அந்த ஜெயசுதா சொல்லி நான் வெளிய போறதான்னு வந்துச்சுங்க எனக்கு. வாயை மூடுடின்னு புள்ளைய ரெண்டு அடி போட்டு, உள்ள படுக்க வச்சி, கதவ நான்தாங்க சாத்துனேன்."