குருத்திலிருந்து இறங்கிய மஞ்சள்

1

வேலிக்கு அப்பால் கேட்ட ஒரு பேச்சிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. "இவ வந்த பெறவுதான் வெத்தலக்கொடி மஞ்சளாச்சு." சொன்ன மாமியாருக்கு அன்னக்கிளி என்றும், புது மருமகளுக்குச் செல்லக்கனி என்றும் பெயர் வைத்திருக்கிறேன். அன்னக்கிளி சொன்னது பொய்யாக இருந்தால் எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

2

தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கோட்டாற்றில் ஊர்வலம் போன அந்த வருஷம், ஆண்கள் எல்லோரும்...

(வேண்டாம். ஊர்வலம் கிணற்றடி வரை வரவில்லை.)

கிணற்றடியில் அகத்தியைப் பற்றி ஏறிய கொடி அது. மாதவிலக்காகித் தூரமான நாட்களில் பெண்கள் அதன் அருகே போகக்கூடாது.

"ஏட்டி, உள்ளதச் சொல்லு. தூரமா இருக்கையில தொட்டியா?"

"இல்ல மாமி."

"பின்ன என்ன, கொடிக்கு மஞ்சக்காமாலையா?"

சாணி உரம் கூடை கூடையாகப் போட்டும் பச்சை திரும்பவில்லை. கொடி பட்டுப்போனால் வீடு விளங்காது என்று அன்னக்கிளி நம்பினாள். இந்த மாதம் தெளியாவிட்டால் செல்லக்கனி அருமனைக்கு, அப்பா வீட்டுக்குப் போக வேண்டும். திரும்பக் கூப்பிட யாரும் போகமாட்டார்கள்.

3

பயந்த பெண்ணான செல்லக்கனி இனி வருவதையெல்லாம் கவனித்திருப்பாளா என்று எனக்கே சந்தேகம். ஆனால் குனிந்த தலைக்கு மண்தானே தெரியும்?

அருமனையில் வாழைக்கு உரம் குறைந்தால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். இங்கே அடியிலை கரும்பச்சை. குருத்துதான் மஞ்சள், அதிலும் நரம்பு மட்டும் பச்சை. இது பட்டினி இல்லை. சோறு முன்னால் இருந்தும் தொண்டையில் இறங்காத நிலை.*

அவள் வேரடியைக் கிளறினாள். விரலில் வெள்ளை ஒட்டியது. பின்னால் அவள் கணவன் பொன்னுலிங்கம் நின்றான்.

"கல்யாணத்துக்கு வெள்ளையடிச்ச மிச்சம். வெத்தலைக்குச் சுண்ணாம்பு சேருமேண்ணு நாந்தான் கொட்டினேன். அம்மைக்கிட்ட சொல்லிராத."

ஆக, அவள் வந்ததால்தான். அவளுக்காக வெளுத்த சுவர்தான் கொடியையும் வெளுத்தது.

(* சுண்ணாம்பு மிஞ்சிய மண்ணில் இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடியாதாம். எங்கோ படித்தது. செல்லக்கனிக்குத் தெரியாது.)

4

அவன் சொல்லிவிடுகிறான். "கூறு கெட்டவனே" என்று அன்னக்கிளி சிரிக்

(அன்னக்கிளி சிரிப்பாளா? அடித்துவிட்டேன்.)

செல்லக்கனியே சொல்லிவிடுகிறாள். உடனே அன்னக்கிளி: "வந்த ஒடனே எனக்க மவன் மேல பழி போடுதியா?" இது நடக்கும். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

மிஞ்சியது இதுதான்: துணி மூட்டையோடு செல்லக்கனி கிணற்றடியில் நிற்கிறாள். வெள்ளை மண்ணை அன்னக்கிளியே கண்டு மகனிடம் கேட்கிறாள்: "மக்கா, இத யாருலே கொட்டினது?"

அவன் வாயில் 'நாந்தான்' என்று எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அம்மையின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான்.

உங்களால் அவனைப் பேசவைக்க முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கிரம். செல்லக்கனி இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பார்வையைத் திருப்பிய பிறகு அவன் சொன்னால், பிழைப்பது கொடி மட்டும்தான்.