தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

மனித உரிமை ஆணையத்தில் பதினான்கு ஆண்டுகளாகத் தபால் அனுப்பிவந்த எழுத்தருக்கு, மதியம் கோப்பைக் கட்டும்போதுதான் ஒரு தவறு கண்ணில் பட்டது. மனநல மருத்துவமனையில் இருக்கும் ஒருத்தி, மாத்திரை உறையின் பின்புறம் எழுதியனுப்பிய புகார் அது: 'பெண்கள் குளியலறைக்குக் கதவு இல்லை. ஆண் ஊழியர்கள் வந்துபோகிறார்கள். கதவு வைத்தால் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும். என் பெயர் தெரிந்தால் தனியறையில் பூட்டிவிடுவார்கள்.'

மருத்துவமனையிடம் விளக்கம் கேட்கும்போது புகாரின் நகலையும் இணைப்பது வழக்கம். அதில் பெயரை மறைப்பது எழுத்தரின் வேலை. இந்த முறை அவள் மறைக்க மறந்துவிட்டாள். தபால் உறை நேற்றே போய்விட்டது.

விஷயத்தைக் கேட்ட ஆணையத்தின் தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினாலு வருஷமா ஒரு தப்பு இல்ல. பண்ணினதும் பண்ணீங்க, நல்லாப் பண்ணீங்க."

"என்னை என்ன வேணா செய்யுங்க மேடம். அந்தப் பொண்ணு..."

"அழுகைய வண்டியில வெச்சுக்கலாம். கிளம்புங்க."

முன்னறிவிப்பின்றி இருவரும் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது, அன்றைய தபால் பிரிக்கப்படாமல் மேசைமேல் கிடந்தது.

"நேர்லயே வந்துட்டோமே, இது எதுக்கு?" என்று தலைவி உறையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எழுத்தருக்குப் போன உயிர் பாதி வந்தது.

புகார் எழுதியவளை மட்டும் அழைத்தால் காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஆகவே தலைவி, கண்காணிப்பாளரை வெளியே நிறுத்திவிட்டு, முப்பத்தெட்டுப் பெண்களையும் கட்டில் வரிசைப்படி அழைத்து, ஒரே ஐந்து கேள்விகளைக் கேட்டார். எல்லாரும் கதவு கேட்டார்கள். ஒருத்தி மட்டும் தலைவிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் விசாரித்தாள்.

"ஆச்சும்மா. அந்தப் புகாரை விசாரிக்கத்தான் ஆணையம் இல்ல."

பிற்பாடு வந்த ஒல்லியான பெண் எழுத்தரின் தாளை எட்டிப்பார்த்தாள்.

"அக்கா, பேரு எழுதலையா?"

"இல்லம்மா. எழுதவே மாட்டேன்."

அவள் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அப்படின்னா எழுதிக்கோங்க. தாழ்ப்பாள் உள்பக்கம்."

எழுத்தரின் பேனா நின்றது. கண் கரித்தது, நிமிரவில்லை. தலைவி அந்த நின்ற பேனாவைப் பார்த்தார். மற்றவர்கள் கேட்காத ஒன்று, தாளில் தனியாகத் தெரிந்து அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசிப் பெண்ணும் எழுந்து போனபின், தலைவி முதல் கட்டிலிலிருந்து மறுபடி அழைக்கச் சொன்னார்.

"ஒரு கேள்வி விட்டுப்போச்சு. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வேணும்?"

இருட்டுவதற்குள் முப்பத்தெட்டுப் பேரும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். எழுத்தர் பழைய தாளைக் கிழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதினாள். முப்பத்தெட்டு வரிகள், யார் படித்தாலும் எது புகார் எழுதியவளுடையது என்று தெரியாது.