உதவிக்கு வந்தவர்கள்

என் வீட்டுக்காரர் பிளம்பர். ஊரார் வீட்டு அடைப்பையெல்லாம் எடுத்தவருக்குத் தன் நெஞ்சிலேயே அடைப்பு என்றால் நம்பிக்கை வருமா? டாக்டரிடமே மல்லுக்கு நின்றார்.

"கொழுப்பு அளவு சரியா இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. கசடு இல்லாம எப்படி சார் அடைக்கும்?"

"கொழுப்பு மட்டும் காரணம் இல்லீங்க, அழற்சியும் இருக்கு. ரத்தக்குழாய்ச் சுவர்ல புகுந்த கொழுப்பை எடுக்க வெள்ளை அணுக்கள் ஓடி வரும். தின்னு தின்னு ஊதிப்போய் அங்கயே உட்கார்ந்துடும். சும்மாவும் இருக்காது, இன்னும் ஆள் கூப்பிடும். சுவர் வீங்கிக்கிட்டே போய் ஒருநாள் கிழிஞ்சா, ரத்தம் உறைஞ்சு வழியையே மூடிடும்."

"பைப்புல வீக்கமா? அது என்ன கன்னமா?"

"உங்க பைப்புக்கு உயிர் இல்ல. இதுக்கு இருக்கு" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இவர் சும்மா இருந்திருக்கலாம். தன் அண்ணனுக்குப் போன் போட்டுப் புலம்பினார். அண்ணன் பெட்டியோடு வந்து இறங்கி, நேரே ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

"வெண்ணெய், கேக்கு... தம்பி கண்ணுல இதெல்லாம் படலாமா? நானே தீர்த்துடறேன்."

தீர்த்தார். மிச்சத்தைத் தீர்க்க மருமகனைக் கூப்பிட்டார். மருமகன் பங்காளிகளைக் கூப்பிட்டான். வெறுங்கையோடு வருவது மரியாதை இல்லையே, ஆளுக்கொரு டப்பா வெண்ணெய் வாங்கி வந்தார்கள். அதையும் இவர் கண்ணில் படாமல் தீர்க்க வேண்டியிருந்ததால் இன்னும் ஆள் தேவைப்பட்டது.

எங்கள் வீட்டில் வாசலிலிருந்து படுக்கையறைக்கு ஒரே ஒரு நடைதான், அதுவும் குறுகலானது. அதன் இரண்டு பக்கச் சுவரிலும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நாளாக ஆக ஊதினார்கள். சமையலறையிலிருந்து நான் கொடுக்கும் மாத்திரை கை மாறிக் கை மாறித்தான் அவரிடம் போகும். வழியில் ஒவ்வொருவரும் அதைத் திருப்பிப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். ஒருவர், "எனக்கும் லேசா படபடப்பு" என்று விழுங்கியே விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்மவர்களை எப்படிப் போகச் சொல்வது?

ஒரு காலையில் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உடம்பெல்லாம் வியர்வை. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டவில்லை. உதவி செய்வதற்காக எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். "வழி விடுங்கப்பா, வழி விடுங்க!" என்று ஆளுக்கு ஆள் கத்தினார்களே தவிர ஒருவர்கூட அசையவில்லை, அசைய இடமும் இல்லை. நான் கட்டிலோரம் நின்று அவர் சாகப்போகிறார் என்று அலறினேன்.

"அண்ணே," என்றார் இவர். குரலே எழும்பவில்லை. "எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய போ."

"உனக்காகத்தானடா வந்தேன்?"

"தெரியும்ணே. போ."

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. வாசலோரம் இருந்த மருமகனைப் பார்த்துத் தலையசைத்தார். மருமகன் பின்பக்கமாகவே நகர்ந்து வெளியேறினான். அவனைத் தொடர்ந்து ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் அண்ணனும் போனார். காலி நடையில் ஸ்ட்ரெச்சர் ஓடி வந்தது.

வண்டியில் அவரோடு ஒருவர்தான் வரலாம் என்றார்கள். அண்ணன் வாயோரம் வெண்ணெயோடு தெருவில் நின்று, குழந்தைபோலத் தேம்பிக்கொண்டே வண்டிப் படியில் ஒரு காலை வைத்தார். அத்தனை பாசத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

அவர் காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நான் ஏறிக் கதவைச் சாத்தினேன்.