வலைக்கு அந்தப் பக்கம் கொடி

இயேசு பாலனைத் தேடிவந்த மூவரசரின் திருநாளில் பாட்டுக்காரர்கள் வீடு வீடாகக் கொண்டுவரும் கொடி, வீட்டுக்குள் வந்து கட்டிலைச் சுற்றினால் புருஷன் எழுந்து நடப்பான் என்று லவீனியா நம்பினாள். கோவேறு கழுதை தள்ளிவிட்டு இடுப்பு ஒடிந்த அனாக்லேத்து, மழை தொடங்கியதிலிருந்து ஜன்னலோரம் கிடந்தான். வெளியே தூக்கிப்போக வந்தவர்களைத் திட்டித் துரத்தினான். மூட்டை மாதிரி ஊர் முன்னால் போகமாட்டானாம்.

அவனுக்குப் பொழுதுபோக்கு சிலந்திகள். வெளிச்சம் மங்கியதும் மாமரத்திலிருந்து கூட்டமாக இறங்கி, கூரைக்கும் வாசல் கம்பத்துக்கும் நடுவே வலை கட்டும். விடிவதற்குள் தாமே சுருட்டித் தின்றுவிடும்.

"ஈசல் ஒட்டிக்குது, அது ஏன் ஒட்டல தெரியுமாடி? சுத்திச் சுத்திப் போற இழைலதான் பசை. அது காஞ்ச இழையில ஓடுது."

"அதுங்களாவது உழைச்சுத் தின்னுது. நீ களியத் தின்னு."

மூவரசர் கொடி எந்தக் கயிற்றுக்கும் அடியில் நுழையக் கூடாது என்பது ஐதீகம். அதனால் பண்டிகையன்று காலையிலேயே துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். பகலில் வலை இல்லை. அவள் நினைவிலும் இல்லை.

பொழுது சாய, மேளமும் பாட்டுமாக வந்த கூட்டம் வாசலில் நின்றது. கொடி பிடித்த தெர்சீலியோ, வாசலுக்கு மேலே அதற்குள் கட்டியிருந்த சிலந்தி வலையை அண்ணாந்து பார்த்தார்.

"உள்ள வர முடியாதும்மா."

"அது நூலுண்ணே."

"இந்த நீளத்துக்குத் தொங்குது. கயிறுதான்."

லவீனியா துடைப்பத்தை ஓங்கினாள். ஜன்னலிலிருந்து கத்தல் வந்தது.

"தொட்டே, உன் கையால சோறு தின்னமாட்டேன்!"

"அப்ப கொடி எப்படிய்யா வரும்?"

அனாக்லேத்து வலையைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான். "என்னைத் தூக்குங்கடா."

கட்டிலோடு தூக்கினார்கள். கூட்டத்தோடு ஆடிவந்த முகமூடிக் கோமாளி தலைமாட்டைப் பிடித்திருந்தான். "கழுதை ஏன் தள்ளுச்சுன்னு இப்பதான் புரியுது மாமா!"

அனாக்லேத்துவே முதலில் சிரித்தான். வலைக்கு அடியில் போகும்போது கண்ணை இமைக்கவில்லை. தெருவில் இறக்கினார்கள். கொடி மூன்று முறை கட்டிலைச் சுற்றியது. கொடியில் தொங்கிய நாடா முகத்தில் விழ, முத்தமிட்டான்.

விளக்குக்கு வந்த பெரிய விட்டில் ஒன்று வலையில் மோதியது. வலை கிழியவில்லை, உள்வாங்கி, மெல்ல மீண்டது. விட்டில் இறகுத் தூளை உதிர்த்துத் திமிறியது. அதிர்வு எட்டியதும் மூன்று சிலந்திகள் ஓடிவந்து அதன்மேல் நூலைச் சுற்றத் தொடங்கின. பாடியவர்கள் ஒரு வரியைத் தவறவிட்டார்கள்.

"போதும். உள்ள போலாமா?" லவீனியா கேட்டாள்.

"இருடி. இன்னும் அதுங்க தின்னவே ஆரம்பிக்கல."

துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"அப்ப தள்ளிப் படு," என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.