ஏரியில் ராட்சதப் பூச்சிகள்

ஏரி ஆய்வு நிலையத்தில் பூச்சிக்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும். தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குச் சிக்காத பூச்சிகளை வலையில் அள்ளி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணி அளப்பதுதான் அவள் பிழைப்பு. ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இயக்குநர் மனம் வைத்தால் நிரந்தரமாகும்.

மனம் வைக்காமல் எங்கே போவார்? ஏரிப் பூச்சிகள்தான் திடீரென்று பெருத்துவிட்டனவே! வெயில் கூடினால் பூச்சி அவசரமாக வளர்ந்து குள்ளமாகவே நின்றுவிடும். தின்னப் பாசி குறைந்தால் சோனியாகும். மீன் பெருகினால் பெரிய பூச்சியாகப் பார்த்துப் பொறுக்கித் தின்னும். இந்த வருடமோ வெயில் கொளுத்துகிறது, பாசி குறைவு, மீன் துள்ளுகிறது. ஆனாலும் வலையில் வருவதெல்லாம் பெரியவை, குட்டி ஒன்றுகூட இல்லை. இப்படி ஓர் அதிசயம் தன் கையில் சிக்கியதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர், மேசையில் கிடந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தார். அவர் ஊரில் பேர்போன தையல்காரர்.

"என்னம்மா, கோடு திடீர்னு மேல ஏறுது?"

"போன மாசம் ஒன்பதாம் தேதி. அன்னிலேருந்துதான் பூச்சி பெருசா வருது."

"அட, நான் உன் வலையைத் தைச்சுக் கொடுத்த மறுநாள்!"

அவள் வெடுக்கென்று திரும்பினாள். "கிழிசலை மட்டும்தானே தைச்சீங்க?"

"ஒட்டுப் போட்டா அசிங்கமா இருக்காதா? அடிப்பக்கத்தை வெட்டி எடுத்துட்டு, ஜன்னல் திரைத் துணியில புதுசா தைச்சேன். உனக்கே தெரியலைல்ல?"

தெரியவில்லைதான். நிலையத்துக்கு ஓடிப்போய் வலையை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். ஓட்டை ஒவ்வொன்றும் பழையதைப்போல நாலு மடங்கு. குட்டிகளெல்லாம் அதன் வழியே ஏரிக்கே திரும்பிப் போயிருக்கின்றன. அந்த மனுஷனைத் துவைத்துக் காயப்போட வேண்டும் போலிருந்தது.

வாயை மூடிக்கொண்டால் வேலை நிச்சயம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஆறு வருடத்தில் ஒரு பூச்சியைக்கூடக் கூட்டிச் சொல்லாதவளுக்குப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. கூட்டத்தில் எழுந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். அறை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது.

இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. ராட்சதப் பூச்சிகளைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த அறிக்கையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தார். "நல்லவேளை, என் மானத்தைக் காப்பாத்துனீங்க" என்றார்.

சாயங்காலம் அவள் கையில் ஒரு உறையோடு வீட்டுக்கு வந்தாள். தையல் மிஷின் நின்றது.

"என்னாச்சு?"

"நிரந்தரம் ஆயிடுச்சுங்க. ஆனா கடைசிப் பக்கத்துல நீங்களும் கையெழுத்துப் போடணும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'நிலையத்தின் எந்த வலையையும் பணியாளரின் கணவர் தொடமாட்டார்.'

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"வலைன்னுதானே போட்டிருக்கு?" என்றார் மெதுவாக. "உங்க படகுக் கூரைத் துணி கிழிஞ்சு தொங்குதே..."

அவள் பேனாவைப் பிடுங்கி, 'துணியால் ஆன வேறு எதையும்' என்று தன் கையாலேயே எழுதிச் சேர்த்தாள்.