மூர்த்தி மூன்று முறை பார்த்த படம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான். போன வருஷம் ஆம்பூரில் ஆபித் பாஷா மவுத் ஆர்கனில் ஒரு மெட்டை வாசித்துவிட்டு, “பழைய படப் பாட்டு சார், கேட்டிருக்கீங்களா?” என்றார்.

“கேக்காமலா? சின்ன வயசுல ரேடியோல தினம் வருமே!”

அப்படி ஒரு பாட்டே கிடையாது. மெட்டு அவருடையது. பிறகு அவரே அதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

2

ஆம்பூர்க் காற்றில் தோல் மணக்க, ஷூ கம்பெனிச் சங்கு…

(அடித்துவிட்டேன். ஆம்பூர்க் கதை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்க வேண்டுமா?)

ஆபித் பாஷா ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிப்பவர். மாதனூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் இருபது வருஷமாக வாசிக்கிறார். கல்யாணம், கிறிஸ்துமஸ், ஆடிக் கூழ், ஆயுத பூஜை என்று எதற்குக் கூப்பிட்டாலும் அதற்கேற்ற பாட்டு அவரிடம் இருக்கும். சொந்தமாக மெட்டுக் கட்டத் தொடங்கியதில்தான் வந்தது வினை. முதல் மெட்டை பஸ்ஸில் வாசித்தபோது ஒருவரும் நிமிரவில்லை.

“தெரிஞ்ச பாட்டா வாசி பாய், பேஜாரா கீது” என்றார் டிரைவர் மூர்த்தி.

மறுநாள் அதே மெட்டை, ‘பழைய படப் பாட்டு’ என்று சொல்லி வாசித்தார். பஸ்ஸே தலையாட்டியது.

“இன்னா பாட்டுய்யா! இந்தப் படத்த வாணியம்பாடில மூணு வாட்டி பாத்தவன் நானு” என்றார் அதே மூர்த்தி.

அதற்குப் பிறகு நாற்பது மெட்டுகள். நாற்பதும் பழைய படப் பாட்டுகள்தான்.

3

இன்று மூர்த்தியின் மகள் நந்தினிக்குக் கல்யாணம். (முடித்துவைத்தவன் நான். நிஜத்தில் இன்னும் வரன் பார்க்கிறார்கள்.) மத்தியானப் பந்தி. மேடையில் ஆபித் பாஷா, இப்போதுதான் அந்த முதல் மெட்டை வாசித்து முடித்தவர். பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மூர்த்தி, அந்தப் படத்தின் கதையையே சம்பந்திகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

யூடியூப் சேனல் நடத்தும் வசந்த் போனை நீட்டினான். “பாய், இத சேனல்ல போடப்போறேன். மியூசிக் யாரு? தெரியலன்னா ‘யாரோ’ன்னு போட்டுர்றேன்.”

காலையில்தான் ஆபித் பாஷாவின் மனைவி முனவ்வர் பேகம் சொல்லி அனுப்பியிருந்தார்: “இன்னைக்கும் வாயத் தொறக்கலன்னா, அந்த நாப்பதும் உங்களுது இல்லன்னு ஆயிடும், பாத்துக்குங்க.” (உருதுவில் சொன்னது. என் உருது பிரியாணிக் கடையோடு சரி. மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் மன்னிக்க.)

ஆபித் பாஷாவுக்கு ஆசை தொண்டைவரை வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை தன் பெயரை அந்த மெட்டோடு சேர்த்துக் கேட்க வேண்டும். ஆனால் சொல்லிவிட்டால், பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் மூர்த்தியின் மானம் என்னாவது?

4

முடிவு ஒன்று: “மெட்டு என்னுது” என்கிறார். ஒரே கைதட்டல். மூர்த்தி மைக்கைக் கீழே வைக்கிறார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: “தெரியலப்பா” என்று சிரிக்கிறார். முனவ்வர் பேகம் அவரோடு மட்டுமல்ல, என்னோடும் பேச்சை நிறுத்திவிடுகிறார்.

மூன்றாவது முடிவில் அவர் பதில் சொல்லாமல்

(இதை அவரேதான் செய்தார். நான் எழுதவில்லை.)

மவுத் ஆர்கனை வாயில் வைத்துவிட்டார். இனி பேச முடியாது. மறுபடியும் அதே முதல் மெட்டு. மூர்த்தி கண்ணை மூடித் தாளம் போடுகிறார். வசந்த் பந்திப் பக்கம் திரும்பி என்னைக் கேட்கிறான். என் வாயில் ஜாங்கிரி. தவிர, நான் ரேடியோவில் கேட்டவன். என் சாட்சி செல்லாது.

பக்கத்து இலையில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். மெட்டு கடைசி அடிக்கு வந்துவிட்டது. மூர்த்திக்குச் சங்கடம் வராமல், வசந்தின் காதோடு ஒரு பெயர் சொன்னால் போதும். உங்கள் வாய் காலியாகத்தானே இருக்கிறது?